வீடு தேடி வரும் மடலா, நாம் தேடிப் போகும் திண்ணையா?

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் ஹென்றி ஸ்பென்சர். 1981-லிருந்து அவர் ஒரு வேலையை விடாமல் செய்துவந்தார். யூஸ்நெட் என்ற வலையமைப்பு வழியாகத் தன் கணினிக்கு வந்து சேரும் உரையாடல்களைக் காந்த நாடாவில் பதிந்து எடுத்து வைத்தார். பத்து ஆண்டுகளில் 141 நாடாக்கள் சேர்ந்தன. அவற்றில் சுமார் 20 லட்சம் பதிவுகள். 2001-ல் அவை கூகுளின் காப்பகத்தில் சேர்ந்தன. இணையத்தின் இளமைக் காலத்தில் மனிதர்கள் என்ன பேசினார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் நமக்குப் படிக்கக் கிடைப்பதற்கு அந்த நாடாக்கள் ஒரு முக்கியக் காரணம்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மதுரையில் இருக்கிறார். அவர் வீட்டு மர பீரோவில், வேட்டி அடுக்குக்குக் கீழே, ஏழு குறுந்தட்டுகள் இருக்கின்றன. 2001 முதல் 2006 வரை மூன்று தமிழ் மின்னஞ்சல் குழுக்களில் வந்த மடல்கள் அத்தனையும் அவற்றில் உண்டு. அதே குழுக்களில் நானும் இருந்தேன். ஆனால் சேரும்போது ‘மடல் வேண்டாம், இணையத்தில் படித்துக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவர் ‘ஒவ்வொரு மடலும் வேண்டும்’ என்பதில் குறியிட்டார். அந்த ஒரு குறியால், அன்று பேசியதெல்லாம் இன்று அவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஓர் உரையாடலைத் தொடர மின்னஞ்சல் நல்லதா, செய்திக்குழு நல்லதா என்ற கேள்வி முப்பது ஆண்டுப் பழசு. ஆனாலும் இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி என்றே நினைக்கிறேன். தமிழர்கள் இன்று ஒருவரோடு ஒருவர் இணையத்தில் பேசுவதுபோல எந்தக் காலத்திலும் பேசியதில்லை. அந்தப் பேச்சின் பிரதி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை.

தபால்காரரும் திண்ணையும்

மின்னஞ்சல் குழு தபால்காரர் மாதிரி. குழுவின் முகவரிக்கு ஒரு மடல் போட்டால், அங்கிருக்கும் மென்பொருள் உறுப்பினர் ஐந்நூறு பேர் என்றால் ஐந்நூறு பேர் பெட்டியிலும் ஆளுக்கொன்று போட்டுவிடும். 1986-ல் பாரிஸில் பொறியியல் மாணவராக இருந்த எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ் என்ற மென்பொருள் இந்த வேலையைத் தானியங்கி ஆக்கியது. அதற்கு முன்பு சேர்ப்பது, நீக்குவது எல்லாம் பெரும்பாலும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் செய்த வேலை.

செய்திக்குழு என்பது ஊர்த் திண்ணை. யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். உங்களுக்கு நேரம் இருக்கும்போது நீங்கள்தான் போக வேண்டும். பேசலாம், பேசாமல் கேட்டுவிட்டும் வரலாம். 1979-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த ஏற்பாடு இது; அதுதான் யூஸ்நெட். மறு ஆண்டு, ட்யூக்குக்கும் பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் இடையே தொலைபேசி வழியாகக் கணினிகள் ஒன்றை ஒன்று அழைத்து, புதிதாக வந்த பதிவுகளைப் பரிமாறத் தொடங்கின.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, இதற்கு மையம் என்று ஒன்று இல்லை என்பது. ஒவ்வொரு பதிவுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. ஒரு சர்வர் தன் பக்கத்து சர்வரிடம் அந்த எண்ணைச் சொல்லி, ‘உன்னிடம் இது இருக்கிறதா?’ என்று கேட்கும். இல்லை என்றால் கொடுக்கும், இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். இப்படியே கைமாறிக் கைமாறி, டொரன்டோவில் போட்ட பதிவு சிங்கப்பூருக்கும் சிட்னிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அந்தந்த சர்வரைக் கவனிப்பவரின் முடிவு. ஸ்பென்சர் போன்ற ஒருவர் எங்கோ நாடாவில் பதிந்ததால்தான் மிச்சம் கிடைத்தது.

படிப்பவர் கையில் இருப்பது ஒரு சின்னக் கணக்கு மட்டும். குழுவின் பெயர், அதன் பக்கத்தில் 1-4312 என்பதுபோல ஓர் எண். 4312 வரை படித்தாயிற்று, அடுத்தது 4313 என்று அர்த்தம். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் அந்தக் கணக்கு விட்ட இடத்தில் நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த பதிவு வரும். பிடிக்காத விவாதம் என்றால் ஒரே பொத்தானில் அந்த இழை முழுவதையும் ஒதுக்கிவிடலாம். ஒருவர் எழுதுவதே பிடிக்கவில்லை என்றால் அவர் பெயரைத் தடைக் கோப்பில் போட்டுவிட்டால் அவர் இனிமேல் உங்கள் கண்ணில் படமாட்டார். அவர் பேசும் உரிமையும் போகாது, உங்கள் நிம்மதியும் கெடாது.

இரண்டு ஆகஸ்ட் பதிவுகள்

1991 ஆகஸ்ட் 6. ஜெனிவா அருகே சேர்ன் ஆய்வகத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஆல்ட்.ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற செய்திக்குழுவில் ஒரு பதிவு போட்டார். தான் உருவாக்கிக்கொண்டிருக்கும் ‘வேர்ல்ட் வைட் வெப்’ என்ற திட்டத்தை அதில் விளக்கியிருந்தார். பத்தொன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் குழுவில் எழுதினார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் உங்களுக்கு என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது எனக் கேட்டார். அதுதான் லினக்ஸ்.

இந்த இரண்டு பேரும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் யாருக்கு அனுப்பியிருப்பார்கள்? தெரிந்தவர்களுக்கு. அவர்களுக்குத் தேவைப்பட்டவர்களோ தெரியாதவர்கள். முகவரி தெரியாத ஒருவரோடு பேச்சைத் தொடங்கச் செய்திக்குழுவுக்கு நிகராக அன்று வேறு எதுவும் இல்லை. திண்ணையின் பலம் அதுதான்: யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பேசுபவருக்கே தெரியாது.

அதே லினக்ஸ் வளர்ந்தபோது அதன் அன்றாட வேலை மின்னஞ்சல் குழுவுக்கு மாறிவிட்டது. இன்றும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு ஒருவர் ஒரு திருத்தம் கொடுக்க வேண்டும் என்றால் அதை மடலில்தான் அனுப்புகிறார். பொறுப்பாளர் அந்த மடலுக்குள்ளேயே, அந்தந்த வரிக்குக் கீழே, தன் கருத்தை எழுதுகிறார். பொதுவில் சொல்லிப்போவதற்குத் திண்ணை போதும். ‘இதற்கு நீ பதில் சொல், உன்னைத்தான் கேட்கிறேன்’ என்று ஒருவரைப் பிடித்து நிறுத்த மடல்தான் வேண்டும்.

தமிழுக்கு மடல் ஏன் வாய்த்தது

யூஸ்நெட்டில் நமக்கும் ஒரு திண்ணை இருந்தது. சாக்.கல்ச்சர்.தமிழ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படிக்கப் போயிருந்த தமிழ் மாணவர்களும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களும் அங்கே பேசினார்கள். திரைப்பாடல் முதல் திராவிட அரசியல் வரை எல்லாம் உண்டு. ஒரே பதிவை இந்தியர் குழு, இலங்கையர் குழு, தமிழர் குழு மூன்றிலும் சேர்த்துப் போடும் வழக்கமும் இருந்தது. அப்படிப் போட்டால் மூன்று ஊர்ச் சண்டையும் ஒரே இழையில் வந்து விழும். இலங்கைப் போர்க்காலத்தில் அந்த விவாதங்கள் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் திண்ணையில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டியிருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவாத காலம். தமிழ் தெரிய வேண்டும் என்றால் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும். யார் வருவார், யார் படிப்பார் என்றே தெரியாத இடத்தில் ‘இந்த எழுத்துருவைப் போட்டுக்கொண்டு வாருங்கள்’ என்று யாரிடம் சொல்வது? மின்னஞ்சல் குழுவில் சொல்லலாம். அங்கே வாசலில் பெயர் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். சேர்பவருக்குப் போகும் முதல் மடலிலேயே எழுத்துருவை எப்படிப் போடுவது என்று சொல்லிவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் குழுவில் அதுதான் நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு, உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டார்கள். தன் கணினித் திரையில் முதன்முதலாகத் தமிழ் மடல் ஒன்று விரிந்ததைப் பார்த்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இன்றும் அவர்கள் குரல் மாறும்.

அந்த மடல்களோடு பேச்சு நின்றுவிடவில்லை. ஆளுக்கொரு குறியாக்கம் என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்க திஸ்கி என்ற பொதுக் குறியாக்கம் மடல் வழி விவாதத்தில் உருவானது. 1998 பொங்கலில், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி இலவசமாகத் தரும் திட்டம் அது. அதன் நூல் வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. அந்தத் தன்னார்வலர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்ததும் மடல்தான்.

பெட்டி நிறையும்போது

மடலின் குறையை மறைக்கக் கூடாது. லினக்ஸ் கெர்னல் குழுவில் ஒரே நாளில் ஆயிரம் மடல்களைத் தாண்டுவது உண்டு. சாதாரண இலக்கியக் குழுவிலேகூட ஒரு விருது அறிவித்துவிட்டால் நாளுக்கு நூறு மடல் வரும். ஒரு முறை உறவினர் கல்யாணத்துக்காக ஐந்து நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். பெட்டியில், நான் மடலாக வாங்கிய வேறு குழுக்களிலிருந்து, இரண்டாயிரத்துச் சொச்சம் மடல்கள். அவற்றுக்கு நடுவில், என் பழைய பேராசிரியர் உடல்நலமில்லாமல் மருத்துவமனையில் இருக்கிறார் என்று நண்பர் எழுதிய ஒரு மடலும் இருந்தது. அதை நான் பார்த்தது இன்னும் மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை.

இதற்கு மாற்றாகக் குழுக்கள் தினத்தொகுப்பு என்ற ஒன்றைத் தந்தன. நாள் முழுக்க வந்ததை ஒரே மடலாகக் கட்டி அனுப்பும் ஏற்பாடு. படிக்க மட்டும் என்றால் அது போதும். பதில் எழுதத் தொடங்கினால்தான் சிக்கல். தனி மடலுக்குப் பதில் எழுதும்போது, எந்த மடலுக்கு இது பதில் என்ற அடையாள எண் தலைப்பகுதியில் தானாகச் சேர்ந்துகொள்ளும். அதை வைத்துத்தான் மென்பொருள் கேள்வியையும் பதிலையும் ஒரே இழையில் கோக்கிறது. தொகுப்புக்குப் பதில் போட்டால் அந்த எண் தொகுப்பின் எண்ணாக இருக்கும். தலைப்பும் ‘தொகுப்பு 12, இதழ் 4’ என்று நிற்கும். நீங்கள் எழுதியது எவ்வளவு நல்ல பதிலானாலும் கேள்வியிலிருந்து அறுந்து தனியே கிடக்கும். இருபது ஆண்டு கழித்துத் தேடுபவருக்குக் கேள்வி கிடைக்கும், பதில் கிடைக்காது. தொகுப்பு வாங்குபவர்களிடம் என் வேண்டுகோள் இது: பதில் எழுதுவதென்றால் குறைந்தபட்சம் பழைய தலைப்பையாவது திரும்பத் தட்டிவிட்டு எழுதுங்கள்.

திண்ணைக்கு என்ன ஆனது

செய்திக்குழுக்களில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிகளில் சேரும் புது மாணவர்கள் வந்து கூட்டம் கூடும். கொஞ்ச நாளில் ஊர்ப் பழக்கம் தெரிந்துகொண்டு அடங்கிவிடுவார்கள். 1993-ல் ஆரம்பித்து ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் மொத்தமாக வந்தபோது அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்பார்கள் பழையவர்கள். 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி ஒன்று கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே மூச்சில் போட்டது. வாசல் இல்லாத இடத்தில் யாரைத் தடுப்பது? திறந்திருப்பதுதான் திண்ணையின் அழகு. அதைக் கெடுத்ததும் அந்தத் திறப்புதான்.

பதிவில் மின்னஞ்சல் முகவரி வெளிப்படையாகத் தெரியும் என்பதால் குப்பை மடல் அனுப்புபவர்கள் அங்கேயே முகவரிகளை அள்ளினார்கள். படங்களும் திருட்டுக் கோப்புகளும் நிறைந்து சர்வர் செலவு ஏறியது. சேவை நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. பிறந்த இடமான ட்யூக் பல்கலைக்கழகமே 2010 மே 20 அன்று தன் யூஸ்நெட் சர்வரை நிறுத்திவிட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் வழியாக யூஸ்நெட்டில் புதிதாக எழுத முடியாது. பழையதைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

மின்னஞ்சல் குழுக்களும் சாகாவரம் பெற்றவை அல்ல. தமிழில் மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று எழுத்தாளர்களையும் வாசகர்களையும் ஒன்றாக உட்கார வைத்த குழுக்கள் யாஹூ குரூப்ஸில் இயங்கின. இன்று அச்சில் பெயர் பெற்ற பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். யாஹூ 2019 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குழுக்களின் இணையப் பக்கங்களில் இருந்த உள்ளடக்கம் டிசம்பர் நடுவில் நீக்கப்படும் என்றது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. இணையத்தில் மட்டும் படித்து, பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மடலாக வாங்கியவர்களின் பெட்டியில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தது. மதுரை ஆசிரியரின் குறுந்தட்டுகளுக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டையும் சேர்த்தவர்கள்

மடலா திண்ணையா என்று ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டுமா? 2002-ல் நார்வேக்காரர் லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சென் ஜிமேன் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். மின்னஞ்சல் குழு ஒன்றில் அவருடைய சர்வரும் ஓர் உறுப்பினராகச் சேரும். வரும் மடலையெல்லாம் செய்திக்குழுப் பதிவாக மாற்றி வைக்கும். மடல் விரும்புபவர் மடலாக வாங்குவார், திண்ணை விரும்புபவர் செய்திக்குழுவாகப் படிப்பார். பேச்சு ஒன்றுதான், வழிதான் இரண்டு. நடுவில் 2016-ல் அவர் தளர்ந்து விலகப்போவதாக எழுதினார். ஆனாலும் செய்திக்குழுப் பகுதி நிற்கவில்லை. 2020-ல் புது முகவரிக்கு மாறி, தொடர்ந்தது.

லினக்ஸ்காரர்களும் இதே வழிக்கு வந்தார்கள். லோர்.கெர்னல்.ஆர்க் என்ற அவர்களுடைய காப்பகத்தை இணையப் பக்கமாகப் படிக்கலாம், செய்திக்குழுவாகவும் படிக்கலாம். காப்பகம் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொள்ளவும் எவருக்கும் வழி உண்டு. நான் பாராட்டுவது அந்தக் கடைசி வசதியைத்தான். நாளைக்கு அந்த சர்வர் நின்றாலும் பேச்சு நிற்காது.

இப்படி மடலையும் செய்திக்குழுவையும் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், இரண்டின் விதிகளும் யாருக்கும் சொந்தமில்லாத பொது விதிகள் என்பதுதான். மடல், பதிவு இரண்டின் தலைப்பகுதியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று நாம் பேசும் வாட்ஸ்அப் குழுவில் அந்த வழி இல்லை. 1,024 பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம். காலையில் ஒருவர் கல்வெட்டு ஒன்றின் வாசிப்பை எழுதுகிறார், மதியத்துக்குள் அது வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. வெளியே இருப்பவர் தேடினால் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து உள்ளே இருப்பவரும் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார்.

நீங்கள் எதைத் தேர்வது? என் அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்ட பேச்சு என்றால் மடலாக வாங்குங்கள். நீங்கள் நடத்தும் குழு, உங்கள் பெயரில் வேலை நடக்கும் திட்டம், நீங்கள் இல்லாவிட்டால் தேடப்படும் இடம் எல்லாம் இதில் சேரும். அந்த மடல்கள் உள்பெட்டிக்குள் விழாமல் தனி அறைக்குப் போகும்படி முதல் நாளே வடிகட்டி போட்டுவிடுங்கள். தலைப்பில் அடைப்புக்குறிக்குள் வரும் பெயரை வைத்து வடிகட்டாதீர்கள், அதை யாராவது மாற்றிவிடுவார்கள். மடலின் தலைப்பகுதியில் குழுவுக்கென்று ஓர் அடையாளம் வரும், அதை வைத்து வடிகட்டினால் தவறாது. நான் அந்த வடிகட்டியைப் போட்டது, பேராசிரியர் பற்றிய மடலைத் தவறவிட்ட வாரத்தில்.

கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்ற பேச்சுக்குச் செய்திக்குழுதான். தண்டர்பேர்ட் மென்பொருளில் மின்னஞ்சல் கணக்கு சேர்ப்பதுபோலவே செய்திக்குழுக் கணக்கும் சேர்க்கலாம், செலவில்லை. முடியாத செப்டம்பரின் பெயரையே வைத்துக்கொண்டு ‘எடர்னல் செப்டம்பர்’ என்ற இலவச சர்வர் இயங்குகிறது. எழுத்து மட்டும் உள்ள குழுக்களை அங்கே படிக்கலாம். பத்துக் குழுக்களைக் காலைக் காபி ஆறுவதற்குள் பார்த்துவிட முடிகிறது. மடலாக வாங்கியிருந்தால் அந்தப் பத்தும் என் நாள் முழுவதையும் தின்றிருக்கும்.

இணையத்தில் மட்டும் படித்துக்கொள்கிறேன் என்ற மூன்றாவது கட்டத்தில் மட்டும் தமிழ்க் குழு எதிலும் குறியிடாதீர்கள்.

மதுரை ஆசிரியரின் முதல் குறுந்தட்டைப் போன மாதம் என் கணினியில் திறந்தோம். திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகளும் புரியாத குறிகளுமாக வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. பிறகு அது திஸ்கி குறியாக்கம் என்று புரிந்து, சுரதா என்பவரின் பொங்குதமிழ் என்ற குறியாக்க மாற்றியில் ஒரு மடலை ஒட்டினோம். ‘அன்பு நண்பர்களுக்கு வணக்கம்’ என்று தமிழ் வந்தது. எழுதியவர் இன்று உயிரோடு இல்லை. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த மடலை ஒட்டச் சொன்னார். ஏழில் ஐந்து தட்டுகள் முழுதாகப் படிக்க முடிந்தன. ஒன்று பாதி. ஒன்று திறக்கவே இல்லை.

உங்களில் பலர் அந்தக் குழுக்களில் இருந்திருப்பீர்கள். பழைய மின்னஞ்சல் பெட்டி, பழுதான கணினியின் வன்தட்டு, மேசை இழுவையில் கிடக்கும் குறுந்தட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். மடல்களை எம்பாக்ஸ் (mbox) என்ற மடல் கோப்பு வடிவில் சேமியுங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். வெளியிடுவதற்கு முன் எழுதியவர்களிடமோ குழுவை நடத்தியவர்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் குழுவினரை நம்பி எழுதியவர்கள். குறுந்தட்டுகளை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்கள்.